நீர் சேரா இரசாயனமும் உலோக ஒட்சைட்டு நுண்டுணிக்கைகளும்

இரசாயனம் பயிலப் புகும் மாணவன் முதன்முதலிற் கையாளும் கரைப்பான் நீரே. செம்புச் சல்பேற்றுக் கரைசலிற் சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலைச் சேர்த்தால் நீலநிற வீழ்படிவு ஒன்று தோன்றும். அதனை வடித்தெடுத்துச் சூடாக்கினாற் கரிய செப்பு ஒட்சைட்டுக் கிடைக்கும். உலோக ஒட்சைட்டுக்களை ஆக்கும் வழி இதுவே என்று அவன் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கின்றான். எழுதியது பிழையன்று. எனினும், கிடைத்த கரிய தூளின் ஒவ்வொரு துணிக்கையும் எத்துணைப் பருமனுடையது, யாவும் ஒரே பருமனுடையனவா, அவற்றினுள்ளே அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளனவா என்னும் வினாக்கள் அங்கே எழுவதில்லை. ஒட்சைட்டின் நிறையை மாத்திரம் அறிய விரும்புவோனுக்கு அவ்வினாக்கள் வேண்டா. துணிக்கையின் பருமனிலேயே பயனைக் காணும் இக்காலத் தொழில்களுக்கோ அவையே முதல் வினாக்கள். அவற்றுக்கு விடை தேடிய இரசாயனவியலாளருட் பலர் நீரைக் கைவிட்டு வேறு கரைப்பான்களை நாடினர். அவர்கள் ஏன் அவ்வாறு செய்தனர், நீரில்லாத இடத்தில் ஒட்சைட்டுக்கு வேண்டிய ஒட்சிசன் எங்கிருந்து வருகின்றது, அதனாற் பெற்ற நன்மையும் கொடுத்த விலையும் யாவை என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், நாம் பேசும் பருமன் எத்தகையது என அறிதல் வேண்டும். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் பங்காக வகுத்தால் அவற்றுள் ஒரு பங்கு ஒரு நனோமீற்றர் ஆகும். ஏறக்குறைய 1 முதல் 100 நனோமீற்றர் வரை குறுக்களவுடைய துணிக்கைகளையே நனோத் துணிக்கைகள் என்பர். இவ்வளவு சிறிதாக்குவதால் வரும் மாற்றத்தை எளிய கணக்கொன்றாற் காணலாம். பக்கம் 1 சென்ரிமீற்றர் கொண்ட ஒரு கனவுருவின் மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். அதே கனவுருவைப் பக்கம் 10 நனோமீற்றர் கொண்ட சிறு கனவுருக்களாக வெட்டுவோமாயின் அவற்றின் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீற்றராகும். யாழ்ப்பாணத்துக் காணி அளவையிற் கூறின், விரல்நுனி அளவான ஒரு கட்டியினுள் இரண்டேகாற் பரப்புக்கு மேற்பட்ட நிலம் மடிந்து கிடக்கின்றது எனலாம். இரசாயனத் தாக்கங்கள் பல மேற்பரப்பிலே நிகழ்வன ஆதலின், ஊக்கிகளுக்கும் வாயுக்களை உணரும் கருவிகளுக்கும் இப்பெருக்கம் பெரிதும் பயன்படுகின்றது.

பருமன் குறையக் குணமும் மாறும். வெண்ணிற வண்ணப்பூச்சிற் கலக்கப்படும் தைத்தேனியம் ஈரொட்சைட்டுத் துணிக்கைகள் ஏறக்குறைய 200 முதல் 300 நனோமீற்றர் வரையான பருமனுடையன. அவை ஒளியைச் சிதறச் செய்வதால் வெண்மை தோன்றுகின்றது. அப்பொருளையே பலமடங்கு சிறிதாக்கினால் வெண்மை மறைந்து, கண்ணுக்குத் தெரியாத படலமாகிப் புறவூதாக் கதிரை மாத்திரம் உறிஞ்சும். வெயிலினின்று தோலைக் காக்கும் களிம்புகளில் அது சேர்க்கப்படுவது இதனாலேயே. இரும்பின் காந்த ஒட்சைட்டாகிய மகனற்றைற்றோ ஏறக்குறைய 20 நனோமீற்றருக்குக் கீழ்ப்பட்ட துணிக்கைகளாகும்போது, புறத்தே காந்தம் உள்ளவரை வலிய காந்தமாகவும், அது நீங்கியவுடன் காந்தமற்றதாகவும் நடந்துகொள்ளும். மருத்துவப் படமெடுப்பிற் பயன்படும் இக்குணம் துணிக்கையின் பருமனோடு நேரே பிணைந்தது. 8 நனோமீற்றர்த் துணிக்கையும் 18 நனோமீற்றர்த் துணிக்கையும் ஒரே போத்தலிற் கலந்திருப்பின், பெயரால் ஒன்றாயினும் செயலால் இரண்டு பொருள்களே அங்கு உள்ளன. ஆகவே பருமன் ஒருமை என்பது அழகுக்காக வேண்டப்படுவதன்று.

இத்துறையின் வேர்கள் பழையன. 1846 ஆம் ஆண்டளவிற் பிரான்சு தேசத்து எபெல்மன் என்பார் சிலிக்கனும் அற்ககோலும் சேர்ந்த ஒரு திரவச் சேர்வையை ஈரக்காற்றில் வைத்திருக்க, அது மெல்ல மெல்ல இறுகிக் கண்ணாடி போன்ற சிலிக்காவாதலைக் கண்டார். 1857 இல் மைக்கேல் பரடே பொன்னின் மிக நுண்ணிய துணிக்கைகள் நீரிற் செந்நிறம் காட்டுதலை ஆராய்ந்தார். 1861 இல் தோமசு கிரகாம் இத்தகைய நிலையிலுள்ள பொருள்களுக்குக் கூழ்நிலைப் பொருள்கள் என்னும் பொதுப்பெயரை வழங்கினார். துணிக்கைகள் திரவத்தில் மிதக்கும் நிலையைச் சோல் எனவும், அவை ஒன்றோடொன்று பிணைந்து வலைபோல் இறுகிய நிலையை ஜெல் எனவும் அழைக்கும் வழக்கமும் அவர் காலத்ததே. இவ்விரு சொற்களாலும் பெயர்பெற்ற சோல்–ஜெல் முறை இருபதாம் நூற்றாண்டிற் பெரிதும் வளர்ந்தது.

அம்முறையின் நீர்வழியை இனி நோக்குவோம். தொடக்கப் பொருள் உலோக அற்கொட்சைட்டு. அஃதாவது, உலோக அணுவொன்று ஒட்சிசன் வாயிலாக அற்ககோற் கூறுகளோடு பிணைந்திருப்பது. நீர் சேர்ந்ததும் அற்ககோற் கூறு விலகி, அதன் இடத்தில் ஐதரொட்சில் வந்தமரும். இது நீர்ப்பகுப்பு. பின்பு அத்தகைய இரு மூலக்கூறுகள் நெருங்கி, இடையிலிருந்து நீரையோ அற்ககோலையோ வெளியேற்றி, உலோகம்–ஒட்சிசன்–உலோகம் என்னும் பாலத்தை அமைக்கும். இஃது ஒடுக்கம். பாலங்கள் பெருகப் பெருக ஒட்சைட்டு உருவாகின்றது. சிலிக்கனைப் பொறுத்தவரை இவ்விரு படிகளும் ஆறுதலாக நிகழ்வன. 1968 இல் ஸ்ரோபர் என்பாரும் அவர்தம் துணைவரும் அற்ககோலும் அமோனியாவும் சிறிது நீரும் கலந்த ஊடகத்தில் ஒரேயளவான சிலிக்காக் கோளங்களை ஆக்கிக் காட்டினர். அம்முறை இன்றும் வழக்கில் உள்ளது.

தைத்தேனியம் போன்ற உலோகங்களின் இயல்பு வேறு. அவற்றின் அணுக்கள் நான்கு அயலவரோடு அமைதியுறாமல் ஆறு அயலவரை ஏற்க வல்லன. ஆதலின், நீர் மூலக்கூறு அணுகியவுடனே அதனைப் பற்றிக்கொள்ளும். நீர்த்துளி விழுந்த இடத்திற் கணப்பொழுதில் வெண்ணிறத் திரட்சி தோன்றிவிடும். துளி சேராத இடத்திலோ மாற்றமில்லை. இங்ஙனம் அவசரத்திற் கூடிய அணுக்களுக்குத் தத்தம் இடத்தைத் தேடி ஒழுங்காக அமர அவகாசம் இல்லை. எனவே பெறப்படுவது பெரும்பாலும் பளிங்கு அமைப்பற்ற திரளாகும். அதனைப் பளிங்காக்க 400 பாகை செல்சியசு அளவிற்கேனும் சூடாக்குதல் வேண்டும். சூடாக்கும்போது அடுத்தடுத்த துணிக்கைகள் உருகாமலே ஒட்டிப் பெருத்துவிடுகின்றன. சிறிதாக்க எடுத்த முயற்சியின் பயன் உலையிலே கெடுகின்றது. அன்றியும், நீர்வழியில் அமிலத்தன்மை, வெப்பநிலை, உப்பின் இனம், கலக்கும் வேகம், துளி விழும் வேகம் முதலிய யாவும் முடிவைப் பாதிப்பன. ஒன்று சிறிது பிசகினும் நேற்றுப் பெற்ற துணிக்கையை இன்று பெறுதல் அரிது.

இதனை வீட்டுச் சமையலறை நிகழ்ச்சியொன்றால் விளக்கலாம். பாலிலே தேசிக்காய்ச் சாற்றைப் பிழிந்தால் அது கணத்தில் திரைந்து, கட்டி வேறு நீர் வேறாகப் பிரிந்துவிடும். அதே பாலுக்குச் சிறிது உறைமோர் இட்டு ஓரிரவு வைத்தாற் சீரான தயிர் கிடைக்கும். இரண்டிலும் பாலை மாற்றுவது அமிலமே. முன்னையதில் அமிலம் புறத்திலிருந்து ஓரிடத்தில் ஒருங்கே விழுந்தது. பின்னையதிற் பாலின் சர்க்கரையிலிருந்தே, பால் முழுவதிலும், மெல்ல மெல்ல விளைந்தது. நீர் சேரா இரசாயனத்தின் உட்கருத்து இவ்வளவே. ஒட்சிசனைப் புறத்திலிருந்து ஊற்றாது, கரைப்பானின் உள்ளிருந்தே ஆறுதலாக விளையச் செய்தல் அதன் வழியாகும்.

நீர் இல்லையெனின் ஒட்சிசனைத் தருவது யாது? அற்ககோல், ஈதர், கீற்றோன் ஆகிய சேதனச் சேர்வைகள் யாவும் தம்முள் ஒட்சிசனைக் கொண்டவை. ஆயின் அங்கே ஒட்சிசன் காபனோடு வலிதாகப் பிணைந்திருக்கின்றது. அப்பிணைப்பை முறித்தாலன்றி உலோகத்துக்கு அது கிட்டாது. முறிப்பதற்கு வெப்பமும் காலமும் வேண்டும். இத்தடையே இம்முறையின் பலமாயிற்று. 1990களின் தொடக்கத்திற் பிரான்சின் மொன்பெலியே நகரிற் பணிபுரிந்த கொரியூ, வியூ ஆகியோரும் அவர்தம் குழுவினரும் இத்தகைய தாக்கங்களை முறையாக ஆராய்ந்தனர். உலோகக் குளோரைட்டு ஒன்றையும் உலோக அற்கொட்சைட்டு ஒன்றையும் நீரில்லாத நிலையிற் சேர்த்துச் சூடாக்கினால் நிகழ்வது பின்வருமாறு:

உலோகம்–குளோரீன் + உலோகம்–ஒட்சிசன்–அற்கைல் → உலோகம்–ஒட்சிசன்–உலோகம் + அற்கைற் குளோரைட்டு

பாலம் அமைந்தது, வெளியேறியது அற்கைற் குளோரைட்டு. இவ்வாறே இரு அற்கொட்சைட்டுக்கள் சேர்ந்து ஈதரை வெளியேற்றுதலும், அற்கொட்சைட்டும் காபொட்சிலேற்றும் சேர்ந்து எசுத்தரை வெளியேற்றுதலும் உண்டு. மூன்றிலும் இறுதியில் நிற்பது உலோகம்–ஒட்சிசன்–உலோகம் என்னும் அதே பாலம். வந்து சேரும் இடம் ஒன்று. வழியும் வேகமும் வேறு.

மிக எளிய உதாரணம் தைத்தேனியம் நாற்குளோரைட்டும் பென்சைல் அற்ககோலும் சேர்ந்த தாக்கம். நாற்குளோரைட்டு ஈரக்காற்றுப் பட்டவுடனே அடர்ந்த வெண்புகை விடும் திரவம். முதலாம் உலகப்போரிற் புகைத்திரை எழுப்பவும் அது பயன்பட்டது. தைத்தேனியக் கனிமங்களைக் கரியுடன் சேர்த்துக் குளோரீன் வாயுவிற் சூடாக்கி அதனைப் பெறுவர். நம் நாட்டிற் புல்மோட்டைக் கடற்கரை மணலில் நிறைந்துள்ள இல்மனைற்று, உரூற்றைல் என்பன அத்தகைய கனிமங்களே. பென்சைல் அற்ககோல் மல்லிகை எண்ணெயிலும் சிறிதளவு காணப்படும் ஒரு திரவம். 205 பாகை செல்சியசிற் கொதிப்பது. இவ்விரண்டையும் சேர்த்து 40 முதல் 150 பாகை வரையான வெப்பநிலையிற் பல நாள் வைத்திருக்க, ஏறக்குறைய 4 முதல் 8 நனோமீற்றர் வரை பருமனுடைய அனற்றேசுப் பளிங்குகள் தாமே தோன்றுகின்றன. அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துச் சாந்தா பார்பராப் பிரிவில் நீடர்பேகர், பார்ற்றில், இசுற்றக்கி ஆகியோர் 2002 இல் இதனை வெளியிட்டனர். கவனிக்க வேண்டியது யாதெனின், உலையிற் சூடாக்காமலே பளிங்கு கிடைத்தது என்பதாம். இரு பொருள்களின் விகிதத்தையும் வெப்பநிலையையும் மாற்றித் துணிக்கையின் பருமனையும் மாற்ற முடிந்தது. ஈண்டு பென்சைல் அற்ககோல் மூன்று தொழில்களைத் தனித்தே செய்கின்றது: அது கரைப்பான், ஒட்சிசனை வழங்கும் பொருள், துணிக்கையின் மேற்பரப்பிற் படிந்து, ஒன்று மற்றொன்றோடு ஒட்டாது தடுக்கும் போர்வை.

ஒரே பருமன் கிடைப்பதன் காரணத்தை அறிய, 1950 இல் லாமர், டினெகர் ஆகிய இருவர் கந்தகக் கூழ்நிலையை ஆராய்ந்து வெளியிட்ட கொள்கை உதவும். கரைசலில் ஒட்சைட்டாக மாறவுள்ள பொருளின் செறிவு சிறிது சிறிதாக ஏறுகின்றது. ஓர் எல்லையைத் தாண்டும்வரை யாதும் தோன்றாது. தாண்டியவுடன் எண்ணிறந்த பளிங்குக் கருக்கள் ஒருங்கே தோன்றும். அவை பொருளை உண்பதாற் செறிவு எல்லைக்குக் கீழே இறங்கிவிடும். அதன்பின் புதுக்கரு தோன்றாது, உள்ளவை வளர்வது மாத்திரமே நிகழும். ஒரே நாளில் முளைத்த நெல் ஒரே உயரமாக நிற்பது போல, ஒரே பொழுதிற் பிறந்த கருக்கள் ஒரே பருமனாக வளர்கின்றன. நீரைத் துளித்துளியாக விடும்போது துளிதோறும் புதுக்கருக்கள் பிறப்பதால் முதியவையும் இளையவையும் கலந்துவிடும். ஒட்சிசன் திரவம் முழுவதிலும் சமமாக விளையுமிடத்து அவ்வெல்லை எங்கும் ஒரே காலத்திற் கடக்கப்படுகின்றது.

இக்கொள்கை நடைமுறையில் எத்துணை வலியது என்பதற்குத் தென்கொரியாவின் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஹியோன் தேக்வான் குழுவினர் 2004 இல் வெளியிட்ட ஆய்வு சான்று. அவர்கள் இரும்புக் குளோரைட்டையும், சவர்க்கார இனத்ததாகிய சோடியம் ஒலியேற்றையும் சேர்த்து இரும்பு ஒலியேற்றைப் பெற்றனர். பின் அதனை உயர்ந்த கொதிநிலையுடைய சேதனக் கரைப்பானில் இட்டு 320 பாகை வரை ஆறுதலாகச் சூடாக்கினர். 200 முதல் 240 பாகை வரையான நிலையிற் கருக்கள் பிறந்தன. 300 பாகையளவில் அவை வளர்ந்தன. பிறப்பும் வளர்ப்பும் வெவ்வேறு வெப்பநிலைகளில் நிகழ்ந்ததாற் பருமன் ஒன்றாயிற்று. கரைப்பானை மாற்றிக் கொதிநிலையை உயர்த்த உயர்த்தத் துணிக்கையின் பருமன் 5 நனோமீற்றரிலிருந்து 22 நனோமீற்றர் வரை ஏறியது. ஒரே தடவையில் 40 கிராம் வரை பெற்றனர்.

இதற்கு எதிரே நீர்வழியையும் வைத்துப் பார்த்தல் நியாயம். 1981 இல் மசார் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவகை இரும்பு உப்புக்களை நீரிற் கரைத்துக் காரம் சேர்த்துக் காந்த ஒட்சைட்டுத் துணிக்கைகளை ஆக்கும் முறையை வெளியிட்டார். அது மலிவானது, விரைவானது, சாதாரண வெப்பநிலையிலே நிகழ்வது. ஆனாற் பருமன் பலவாறாகப் பரந்திருக்கும்.

இரு உலோகங்கள் சேர்ந்த ஒட்சைட்டுக்களில் நீர் சேரா வழியின் சிறப்பு மேலும் தெளிவாகும். மின்கொள்ளளவிகளிற் பயன்படும் பேரியம் தைத்தனேற்றைப் பழைய முறையில் ஆக்குவோர், பேரியம் காபனேற்றுத் தூளையும் தைத்தேனியம் ஈரொட்சைட்டுத் தூளையும் அரைத்துக் கலந்து 1,000 பாகை அளவிலோ அதற்கு மேலோ சுடுவர். நீர்க்கரைசலில் முயன்றால், தைத்தேனியம் விரைந்து வீழ்படியப் பேரியம் பின்தங்கிவிடும். 2004 இல் நீடர்பேகரும் துணைவரும், அப்போது செருமனியிற் பணிபுரிந்தவர்கள், பேரிய உலோகத்தைப் பென்சைல் அற்ககோலிற் கரைத்துத் தைத்தேனியம் அற்கொட்சைட்டைச் சேர்த்து மூடிய கலத்தில் 200 பாகையளவிற் சூடாக்கிச் சில நனோமீற்றர் பருமனுடைய பேரியம் தைத்தனேற்றைப் பெற்றனர். சேதனக் கரைப்பானில் இரு உலோகங்களின் தாக்க வேகங்களும் ஒன்றையொன்று நெருங்குவதே இதன் காரணம். பின்னர் 2008 இல் சூரிச்சு நகரத்துக் கூட்டரசுத் தொழினுட்ப நிறுவனத்தில் அவர் குழுவினர் நுண்ணலைகளாற் சூடாக்கி, நாட்கணக்கில் நடந்த இத்தகைய ஆக்கங்கள் சிலவற்றை நிமிடக் கணக்கிற்குக் குறைத்தனர்.

இங்கே நுண்ணறிவுள்ள மாணவன் ஒரு தடையை எழுப்பக்கூடும். இரு அற்ககோல் மூலக்கூறுகள் சேர்ந்து ஈதராகும்போது நீர் வெளிப்படுமன்றோ? இரு கீற்றோன் மூலக்கூறுகள் இணையும்போதும் அவ்வாறன்றோ? அவன் கேட்பது சரி. இத்தகைய கலங்கள் பலவற்றுள் நீர் சிறிது பிறக்கத்தான் செய்கின்றது. ஆகவே நீர் சேரா முறை என்பதற்கு, நீரைப் புறத்திலிருந்து சேர்க்காத முறை என்பதே பொருளாகும். உள்ளே பிறக்கும் நீர் பிறக்கும் இடத்திலேயே சிறிது சிறிதாகச் செலவாகிவிடும். தயிருக்குள் விளையும் அமிலத்தை ஒத்தது அது. எனவே கேடு நீரில் இல்லை. நீர் வரும் அவசரத்திலே உள்ளது. இத்துறை நமக்கு உணர்த்தும் உண்மை இதுவே எனத் துணிந்து கூறலாம். எபெல்மன் கண்ட சிலிக்காவும் ஈரக்காற்றின் சிறு நீராவியால் மெல்ல விளைந்தமையை இங்கு நினைவுகூர்தல் தகும்.

எப்பயனுக்கும் ஒரு விலை உண்டு. சேதனக் கரைப்பான்கள் நீரினும் பன்மடங்கு விலையுயர்ந்தன, தீப்பற்றக் கூடியன. தைத்தேனியத் தாக்கத்தில் ஐதரசன் குளோரைட்டும், கண்ணெரிவூட்டும் நச்சுப்பொருளாகிய பென்சைற் குளோரைட்டும் பக்கவிளைவாக எழுகின்றன. அவற்றைக் காற்றிலோ கழிவுநீரிலோ விடுதல் தகாது. பாடசாலை ஆய்வுகூடத்தில் இதனைச் செய்துகாட்ட முயல்வதும் ஆகாது. மேலும் ஒலியேற்றுப் போர்வையுடன் பிறந்த துணிக்கை எண்ணெயிற் கலக்குமேயன்றி நீரிற் கலவாது. மனித இரத்தமோ பெரும்பாலும் நீர். ஆகவே மருத்துவத்திற் பயன்படுத்துமுன் அப்போர்வையை மாற்றியோ, அதன்மேல் வேறொரு போர்வையை அணிவித்தோ துணிக்கையை நீரோடு இணங்கச் செய்தல் வேண்டும். நீரைத் தவிர்த்துப் பிறந்த பொருள் ஈற்றில் நீருக்குள்ளேயே புகவேண்டியிருக்கின்றது. இதனாற் செலவும் படிகளும் கூடும். பருமன் ஒருமை இன்றியமையாத இடத்து இச்செலவு தகும். வண்ணப்பூச்சுக்கோ பெருமளவு தூளுக்கோ தகாது. எம்முறை சிறந்தது என்று பொதுவிற் கேட்பதிற் பயனில்லை. எப்பயனுக்கு எம்முறை என்று கேட்பதே அறிவுடைமை.

புல்மோட்டையின் கனிமங்கள் நெடுங்காலமாகக் கனிமமாகவே கடல் கடந்து சென்று வந்துள்ளன. அம்மணலின் நிறைக்குக் கிடைக்கும் விலை வேறு. அதிலுள்ள தைத்தேனியத்தைப் பருமனறிந்து, பளிங்கறிந்து ஆக்கிய பொருளுக்குக் கிடைக்கும் விலை வேறு. இவ்விரண்டுக்கும் இடையே நிற்பது இயந்திரம் மாத்திரமன்று. தாக்க வேகத்தை ஆளும் அறிவும் ஆகும். அவ்வறிவின் முதற்பாடம் உயர்தர வகுப்பில் நாம் கற்பிக்கும் தாக்க வேகம் என்னும் அத்தியாயத்திலேயே அடங்கியுள்ளது. வினாத்தாளிற் புள்ளி பெறுவதோடு அது முடிந்துவிடுமென எண்ணும் மாணவன் அதன் வாயிலில் நின்றே திரும்புகின்றான். எது உருவாகும் என்பதோடு, எவ்வளவு விரைவில், எங்கே, எத்தனை பேராக உருவாகும் என்றும் கேட்கப் பழகியவனே நனோமீற்றர் உலகினுட் புகத் தகுதியுடையவனாவான்.